பாத் நகரின் பளிங்குச் சரவிளக்குகள்

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கில், ஏவன் நதி வளைந்தோடும் பள்ளத்தாக்கில் பாத் என்னும் நகரம் அமைந்துள்ளது. இலண்டன் மாநகரின் பாடிங்டன் நிலையத்தில் இரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்குப் போய்ச் சேரலாம். நிலத்தின் அடியிலிருந்து பொங்கியெழும் வெந்நீரூற்றே அவ்வூருக்குப் பெயரும் புகழும் தந்தது. உரோமையர் அவ்வூற்றைச் சுற்றி எழுப்பிய குளியல் மண்டபத்தை இன்றும் காணலாம். ஊர் முழுவதும் ஒரே வகையான தேன் நிறக் கல்லினால் கட்டப்பட்டிருக்கிறது. மாலை வெயில் சாயும் நேரத்தில் வீதிகள் யாவும் பொன் பூசியவை போல் தோன்றும். 1987-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அவ்வூருக்குச் செல்லும் அவசரப் பயணிகள் வெந்நீரூற்றைக் கண்டு, பிறைமதி வடிவில் வளைந்து நிற்கும் புகழ்பெற்ற மாளிகை வரிசையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவதுண்டு. மேட்டுப் பகுதியில் 'அசெம்பிளி ரூம்ஸ்' என்றழைக்கப்படும் மன்றம் ஒன்று இருக்கிறது. வெளியே நின்று நோக்கினால் அது ஒரு பெரிய, அமைதியான கல் வீடு, அவ்வளவுதான். முகப்பில் மனத்தைக் கவரும் வேலைப்பாடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்துபவர்தாம் திகைத்து நிற்பார். அம்மன்றத்தின் மூன்று கூடங்களில் ஒன்பது பளிங்குச் சரவிளக்குகள் தொங்குகின்றன. இருநூற்றைம்பது ஆண்டு வயதுடைய கண்ணாடி அது. கைதவறினால் நொறுங்கும் பொருள் இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது என்று எண்ணும்போதுதான், அழகைக் காட்டிலும் பெரியதொரு வியப்பு நம்மை ஆட்கொள்கிறது.

இளைய ஜான் வுட் என்னும் கட்டடக் கலைஞர் இம்மன்றத்தை வடிவமைத்தார். 1769-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1771-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மன்றம் திறக்கப்பட்டது. ஊர்ப் பெருமக்கள் பங்கு போட்டுத் திரட்டிய பணத்தில் எழுந்த கட்டடம் இது. ஆடல் நிகழும் பெருங்கூடம், தேநீர் அருந்தும் கூடம், இரண்டுக்கும் இடையே எண்கோண வடிவான கூடம் என மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆடல் கூடத்தின் நீளம் நூறு அடிக்கு மேல். உயரமோ நாற்பது அடிக்கு மேல். சன்னல்களைச் சுவரின் மேற்பகுதியில் வைத்தார்கள். தெருவில் நிற்போர் உள்ளே எட்டிப் பார்க்க இயலாது. கீழே சுவரோரம் இருக்கைகள் போடவும் இடம் கிடைத்தது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் கதைமாந்தரை இக்கூடங்களில் நடமாட விட்டிருக்கிறார். பிற்காலத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கு வந்து தம் நூல்களை மக்கள்முன் வாசித்ததும் உண்டு.

மின்சாரத்தைக் கனவிலும் காணாத காலம் அது. நூறு அடி நீளமுள்ள கூடத்தில் இரவு நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடி நிற்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஆடல் கூடத்துக்கு மட்டும் ஐந்து சரவிளக்குகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றிலும் நாற்பது மெழுகுதிரிகள். மொத்தம் இருநூறு சுடர்கள். இருநூறு மெழுகுதிரி என்பது இக்காலக் கண்களுக்கு மங்கலான வெளிச்சமே. அதைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் வேலையைக் கண்ணாடியிடம் ஒப்படைத்தனர் அக்காலத்துக் கைவினைஞர்.

அதற்கேற்ற கண்ணாடியும் அவர்களிடம் இருந்தது. 1674-ஆம் ஆண்டில் இலண்டன் வணிகரான ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்பவர் புதுவகைக் கண்ணாடிக்கு அரசாங்கத்திடம் காப்புரிமை பெற்றார். கண்ணாடிக் கலவையில் ஈய ஆக்சைடைச் சேர்த்து உருக்கும் முறை அவர் வழியாகத்தான் இங்கிலாந்தில் நிலைபெற்றது. ஈயம் கலந்த கண்ணாடி கனமானது. தட்டினால் மணிபோல் ஒலிப்பது. சற்று மென்மையானதால் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பட்டை தீட்ட இடங்கொடுப்பது. அனைத்திலும் மேலாக, ஒளியைச் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாக வளைத்துச் சிதறச் செய்வது. வைரத்துக்குப் பட்டை தீட்டுவது போல் இதற்கும் தீட்டிவிட்டால், ஒரு மெழுகுதிரியின் சுடர் எத்தனையோ சுடர்களாகிக் கண்சிமிட்டும்.

இத்தகைய விளக்கின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நிகழ்ந்தவை விளங்கும். நடுவில் மேலிருந்து கீழாக ஓர் உலோகக் கம்பி. அதில் மணி கோப்பது போல் கண்ணாடி உருண்டைகளையும் ஜாடிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது முழுதும் பளிங்கினாலான தூணாகவே தெரியும். தூணின் கீழ்ப்பகுதியில் உலோகத் தட்டு ஒன்று உண்டு. அதைக் கண்ணாடிக் கிண்ணம் மறைத்திருக்கும். தட்டைச் சுற்றிலும் சிறுசிறு குழிகள். ஒவ்வொரு கண்ணாடிக் கிளையின் அடியிலும் ஒரு பித்தளைப் பூண் மாட்டி, உள்ளே பிளாஸ்டர் ஆப் பாரிஸ் போன்ற சாந்தை இட்டு இறுக்கி, அந்தப் பூணைக் குழியில் செருகிவிடுவார்கள். கிளையின் நுனியில் உருகும் மெழுகை ஏந்தும் சிறு தட்டு, அதன்மேல் மெழுகுதிரி நிற்கும் குவளை. பிறகு மெல்லிய கம்பி ஊசிகளால் கோத்த பளிங்குத் தொங்கட்டான்கள். கிளைகளின் பாரம் முழுவதும் ஒவ்வொன்றின் அடிப்பூணிலும் வந்து இறங்குகிறது. உலோகமும் கண்ணாடியும் சந்திக்கும் அந்த ஓரங்குல இடமே சரவிளக்கின் உயிர்நிலை எனலாம்.

ஆடல் கூடத்துக்கு ஐந்து விளக்குகளையும் முதலில் செய்து கொடுத்தவர் இலண்டனைச் சேர்ந்த ஜோனத்தன் காலெட் என்பவர். திறப்பு விழாவில் அவை யாவரையும் கவர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சில வாரங்களுக்குள், மக்கள் கூடியிருந்த வேளையில், ஒரு விளக்கின் கிளை முறிந்து கீழே வீழ்ந்தது. அக்காலத்தில் பாத் நகரில் குடியிருந்த பெயர்பெற்ற ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ மயிரிழையில் உயிர் தப்பினார் என்று சொல்லப்படுகிறது. பட்டை தீட்டிய கண்ணாடியின் கனத்தோடு எரியும் மெழுகுதிரியும் உயரத்திலிருந்து ஒருவர் தலைமீது விழுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. நிர்வாகக் குழுவினர் அஞ்சினர். ஐந்து விளக்குகளையும் உடனே இறக்கச் செய்தனர்.

காலெட்டைக் குறை கூறுவது நமக்கு எளிது. கண்ணாடி வேலையில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று மறைந்திருப்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தடித்த கண்ணாடி உலையிலிருந்து வெளிவந்தவுடன் மேற்புறம் விரைவாகக் குளிர்ந்து இறுகும். உட்புறம் சூட்டோடு இருக்கும். இரண்டும் ஒரே சீராக ஆற வேண்டுமானால், வேறோர் உலையில் இட்டு, நெடுநேரம் மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடிக்குள் இறுக்கம் ஒன்று தங்கிவிடும். வெளிப்பார்வைக்கு மாசுமறுவற்ற பொருள். என்றோ ஒருநாள், ஒரு சிறு அதிர்ச்சியில், தானாகவே பிளந்துபோகும். சாந்தை இறுக்கும்போது நேரும் சிறு பிழையும் அப்படியே. இருநூறு கிளைகளில் நூற்றுத்தொண்ணூற்றொன்பது நன்றாக இருந்து ஒன்று மட்டும் பழுதானாலும் போதும். செய்தவரின் பெயர் போய்விடும்.

இதன்பின் இலண்டன் பிளீட் தெருவில் கடை வைத்திருந்த வில்லியம் பார்க்கரிடம் புதிய விளக்குகள் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. தேநீர்க் கூடத்தின் மூன்று விளக்குகளும் அவருடைய கைவண்ணமே. பார்க்கரின் விளக்குகள் உறுதியாக நின்றன. அவர் பெயரும் ஓங்கியது. பின்னாளில் வேல்ஸ் இளவரசரின் இலண்டன் மாளிகைக்கே விளக்குகள் அளிக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. இன்று ஆடல் கூடத்தின் நடுவே நின்று நோக்குவோர் காண்பவை அவர் செய்தவையே. பிற்காலத்து அரண்மனை விளக்குகளைப் போல் தொங்கட்டான்கள் அருவியாய்ச் சொரிவதில்லை. கிளைகள் தெளிவாக வளைந்து எழுகின்றன. ஒவ்வொரு கிளையும் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படுகிறது. அளவோடு நிற்கும் அந்த அழகே என் மனத்துக்கு உகந்தது. பின்வந்த நூற்றாண்டின் விளக்குகளில் ஆடம்பரம் மிகுந்து, கிளை எது, தண்டு எது என்று தெரியாமல் போய்விட்டது.

காலெட்டின் விளக்குகள் என்னவாயின? அவற்றை எறிந்துவிடவில்லை. ஐந்தில் நல்லனவாக இருந்த உறுப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரே விளக்காகச் சேர்த்தனர். நாற்பத்தெட்டு மெழுகுதிரிகள் கொண்ட அந்த விளக்கை எண்கோணக் கூடத்தின் நடுவே மாட்டினர். மன்றத்துக்குள் வருவோர் மற்றக் கூடங்களுக்குச் செல்லும் முன் கடந்து செல்லும் இடம் அது. பழுதென்று தள்ளப்பட்டவற்றிலிருந்து உருவான அவ்விளக்கு, அந்த மையக் கூடத்தில் இன்றும் ஒளிர்கிறது. சரவிளக்குகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் கலையின் வரலாறு இம்மன்றத்தில் முதலாண்டிலேயே தொடங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

எண்கோணக் கூடமும் நாற்பத்தெட்டுச் சுடர்களும் என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜெர்மனி நாட்டின் ஆகன் நகரப் பேராலயத்திலும் எண்கோண மண்டபம் ஒன்று உண்டு. அங்கே பார்பரோசா எனப்படும் முதலாம் பிரடெரிக் பேரரசர் 1165-க்கும் 1170-க்கும் இடையே அன்னை மரியாளின் வணக்கத்துக்காக அளித்த வட்டச் சரவிளக்கு தொங்குகிறது. பொன்முலாம் பூசிய செம்பினால் செய்தது. திருவெளிப்பாட்டில் வரும் புதிய எருசலேமின் மதில்களையும் கோபுரங்களையும் போல் அமைந்தது. அதிலும் மெழுகுதிரிகள் நாற்பத்தெட்டு! இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. இருந்தாலும் எண்ணிப் பார்க்க இனிமையாக இருக்கிறது. மேலை நாடுகளில் சரவிளக்கு என்னும் பொருளே இடைக்காலக் கோவில்களில்தான் வளர்ந்தது. மரக்கட்டைகளைச் சிலுவைபோல் இணைத்து, முனைகளில் மெழுகுதிரி செருகி, கயிற்றால் மேலே இழுத்துக் கட்டியதே அதன் தொடக்க வடிவம்.

மீண்டும் பாத் நகருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விளக்குகளை எரிவாயுவுக்கு மாற்றினார்கள்; அடுத்த நூற்றாண்டில் மின்சாரத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் பழைய சரவிளக்குகளுக்கு ஒரு கண்டமே. மெழுகுதிரிக்காகச் செய்த கிளைகள் உட்குழாய் இல்லாத திண்ணிய கண்ணாடி. எரிவாயு செல்லவோ மின்கம்பி செல்லவோ அவற்றில் வழியில்லை. ஆதலால் கிளையை ஒட்டி வெளியே கம்பியைச் சுற்றிச் செல்வார்கள், அல்லது துணிந்து கண்ணாடியையே துளையிடுவார்கள். துளையிட்ட கண்ணாடி மீண்டும் முன்போல் ஆகாது. எத்தனையோ மாளிகைகளின் சரவிளக்குகள் முதுமையால் அழியவில்லை. அவ்வப்போது வந்த புதுமைகளால் அழிந்தன.

மன்றமும் காலப்போக்கில் களையிழந்தது. 1921-ஆம் ஆண்டில் ஆடல் கூடம் திரைப்பட அரங்காக மாறியது. 1931-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் குக் என்னும் செல்வந்தரின் கொடையால் மன்றம் காக்கப்பட்டு, நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு உரிமையாயிற்று. பெரும் பொருட்செலவில் புதுப்பித்து 1938-ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர். நான்கே ஆண்டுகள். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் பாத் நகரின்மீது குண்டு பொழியத் தொடங்கின. 27-ஆம் நாள் விடிவதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட மக்கள் மடிந்தனர். தீக்குண்டுகள் வீழ்ந்து மன்றம் எரிந்தது. கூரை இடிந்து உள்ளே சரிந்தது. சுவர்கள் மட்டும் கருகி நின்றன.

விளக்குகள் அன்று அங்கே இல்லை. போரை முன்னிட்டு அவற்றைக் கழற்றி இறக்கி, வேறிடத்தில் பத்திரமாக வைத்திருந்தனர். நான் இம்மன்றத்தின் வரலாற்றில் மிகவும் மதிப்பது இச்செயலையே. போர்க்காலப் பரபரப்பில், ஆட்பற்றாக்குறையில், ஒன்பது விளக்குகளையும் கிளை கிளையாகப் பிரித்துச் சுற்றிப் பெட்டியில் அடுக்குவதென்பது எத்தனை பொறுமை வேண்டும் வேலை! கட்டடத்தைச் சீராக்கி மீண்டும் திறக்க 1963-ஆம் ஆண்டு ஆயிற்று. பழைய மேற்கூரை இல்லை. பழைய சுதை வேலைப்பாடு இல்லை. அனைத்தும் புதிதாகச் செய்யப்பட்டவை. இன்று அம்மன்றத்தினுள் நாம் காணும் பொருள்களுள் 1771-ஆம் ஆண்டை உண்மையாகவே கண்டவை பெரும்பாலும் அவ்விளக்குகளே. உடையக்கூடிய கண்ணாடி நிலைத்தது. நிலைக்கும் என்று நம்பிய கட்டடம் எரிந்தது.

இத்தகைய விளக்கைப் புதுப்பிக்கும் கைவினைஞரின் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சிறிது காண்போம். முதலில் விளக்கை மேலே தொங்கிய நிலையிலேயே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுப்பார்கள். பிறகு கப்பி வழியாக மெல்லக் கீழே இறக்கி, முதலில் தொங்கட்டான்களையும் பிறகு கிளைகளையும் கழற்றுவார்கள். எந்தக் கிளை எந்தக் குழிக்கு உரியது என்று குறித்துக்கொள்வது முதற்கடமை. பழைய பூண்களில் எண்களோ கோடுகளோ கீறப்பட்டிருப்பதுண்டு; அன்று செய்த தொழிலாளி பின்வருவோருக்கு விட்டுச் சென்ற குறிப்பு அது. கையால் செய்தவை ஆதலால் ஒரு கிளை மற்றதைப்போல் சரியாக இராது. இடம் மாற்றி மாட்டினால் விளக்கு ஒருபுறம் சாயும். பாரம் ஒரே பக்கம் கூடும்.

அடுத்தது தூய்மை செய்தல். வெதுவெதுப்பான நீரும் சில சொட்டு மென்மையான சோப்புக் கரைசலும் போதும் என்கின்றனர் அறிந்தோர். ஒவ்வொரு துண்டாகக் கழுவி, தூய நீரில் அலசி, நூல் பிரியாத மெல்லிய பருத்தித் துணியால் உடனே துடைக்க வேண்டும். அம்மோனியா கலந்த திரவங்களைப் பயன்படுத்தலாகாது. அவை பித்தளையையும் கம்பி ஊசிகளையும் அரித்துவிடும். தொங்கும் விளக்கின்மீது நேரடியாகத் திரவத்தைப் பீச்சியடிப்பதும் தவறு. அது பூணுக்குள் ஊறி, சாந்தை இளக்கிவிடும். நம் பங்குக் கோவில்களில் பழைய கண்ணாடி விளக்குகள் இருந்தால், திருவிழாவுக்குமுன் அவற்றைத் துடைக்க ஏணியில் ஏறும் கோவில்பிள்ளையும் இளைஞரும் இதை நினைவில் கொள்வது நலம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எட்டாத கிளையை எட்டுவதற்காக விளக்கைச் சுழற்றவும் கூடாது. சுழற்றினால் மேலே உள்ள திருகு கழன்றுவரக் கூடும்.

முறிந்த கிளையைச் சேர்ப்பதுதான் கடினமான வேலை. முற்காலத்தில் முறிந்த இடத்தின்மேல் வெள்ளிப் பூண் அல்லது பித்தளைப் பூண் போட்டு மூடுவார்கள். பார்வைக்கு அழகில்லை, ஆனால் பாரம் தாங்கும். இக்காலத்தில் தெளிந்த எபாக்சி பசைகள் வந்துள்ளன. நீரைப்போல் மெல்லிய அந்தப் பசையை விரிசலில் ஊற விட்டால் அது தானே உள்ளே பரவி நிரப்பும். எனினும் ஈயக் கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவும் பசை வளைக்கும் அளவும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதலால் ஒட்டிய இடம் மயிர்க்கோடு போல் தெரிந்துவிடும். காலம் செல்லச் செல்லச் சில பசைகள் மஞ்சளாகவும் மாறும். தவிர, ஒட்டிய கிளையில் பாரம் ஏற்றலாமா என்பது வேறொரு கேள்வி. மக்கள் தலைக்கு மேல் தொங்கும் பொருளில் ஐயத்துக்கு இடம் தரக்கூடாது. கெயின்ஸ்பரோவின் கதையைக் கேட்டவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

எனவே சில வேளைகளில் பழைய கிளையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதிய கிளை செய்து பொருத்துவதே முறை. இதிலும் எச்சரிக்கை வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் செய்த கிளை பார்வைக்கு ஒத்திருந்தாலும் ஒளியில் காட்டிக்கொடுத்துவிடும். ஈயக் கண்ணாடியின் பக்கத்தில் அது பச்சை பாய்ந்தோ சாம்பல் பூத்தோ தோன்றும். பழுதுபார்ப்போர் புற ஊதாக் கதிர் விளக்கை ஏந்திச் சோதிக்கும்போது இருவகைக் கண்ணாடியும் வெவ்வேறு நிறத்தில் மின்னும். எது பழையது, எது இடையில் வந்து சேர்ந்தது என்பதை அறிய இது பெரிதும் துணைசெய்கிறது. ஈயக் கண்ணாடியிலேயே ஊதி, வளைத்து, பழைய பாணியில் சாணை பிடித்து, பழையதன் பளபளப்பைவிட ஒரு மாற்றுக் குறைத்தே மெருகேற்றும் கைதேர்ந்தோர் இன்றும் இருக்கின்றனர். இரண்டு நூற்றாண்டுத் துடைப்பில் பழைய பட்டைகளின் விளிம்பு சற்று மழுங்கியிருக்குமல்லவா? புதியது கூர்மையாக நின்றால் அடுத்திருக்கும் பழையதெல்லாம் களையிழந்து காணும்.

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. குறைந்துபோன தொங்கட்டான்களையெல்லாம் புதிதாகச் செய்து நிரப்பி, விளக்கு செய்த நாளில் இருந்ததுபோலவே காட்ட வேண்டும் என்போர் ஒரு சாரார். பாரம் தாங்கும் உறுப்புகளை மட்டும் சீராக்கி, மற்றக் குறைகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்போர் மற்றொரு சாரார். என்னைக் கேட்டால் இரண்டாம் சாராரின் பக்கமே நிற்பேன். இருநூறு ஆண்டு வாழ்ந்த விளக்குக்கு இரண்டு மூன்று பற்கள் விழுந்திருப்பதில் இழிவில்லை. மாறாக, எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் விளக்கின் பெயர் மட்டும் பழையதாக மிஞ்சும். மின் ஒளியைப் பற்றியும் ஒரு சொல்: சுடர்போல் மஞ்சள் கலந்த மங்கிய ஒளியே இவற்றுக்குப் பொருந்தும். கண்ணைக் கூசும் வெண்ணொளியைப் பழைய பளிங்கில் பொருத்துவோரைக் கண்டால் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

1963-க்குப் பின் நெடுங்காலம் மன்றத்தில் ஆடை அருங்காட்சியகம் ஒன்று இயங்கிவந்தது. அது 2022-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நகராட்சியின் பொறுப்பில் இருந்த கட்டடம் 2023-ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்டின் கைக்கே திரும்ப வந்தது. 

நல்ல பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிய கிளையைச் செய்தவர், பூணுக்குள் மறையும் பகுதியில், செய்த ஆண்டையோ தம் பட்டறையின் குறியையோ நுண்ணிய எழுத்தில் கீறி வைப்பார். சாந்து இட்டு மூடியபின் அது எவர் கண்ணிலும் படாது. பல பத்தாண்டுகள் கழித்து வேறொரு கைவினைஞர் விளக்கை இறக்கி, பூணைக் கழற்றி, பழைய சாந்தைச் சுரண்டும்போது மட்டுமே அது வெளிவரும். இந்தக் கிளை 1771-இன் கிளை அன்று என்பதை அவர் அப்போது அறிந்துகொண்டு, தம் ஏட்டில் குறித்துக்கொள்வார்.